படம் பார்த்துக் கேட்கும் நாய்க்குட்டி: முற்பணம் போடலாமா?

கேள்வி: நாங்கள் கல்முனையில் இருக்கிறோம். மகள் தரம் 7 படிக்கிறாள். லீவில் ‘777 சார்லி’ படத்தைப் பார்த்த நாளிலிருந்து லப்ரடோர் குட்டி வேண்டும் என்று ஒரே அழுகை. கட்டாரில் இருக்கும் கணவர் “பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடு, காசு அனுப்புறன்” என்கிறார். பேஸ்புக்கில் விசாரித்தால், லப்ரடோர் முடிந்துவிட்டதாம். ஆறு வாரத்து ஹஸ்கி குட்டி ஒன்று இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பத்தாயிரம் ரூபாய் முற்பணம் போட்டால் பிடித்து வைப்பார்களாம். இதற்கிடையில் எதிர்வீட்டுக்காரர், தங்கள் நான்கு வயதுப் பக் நாயைப் பார்க்க ஆளில்லை, சும்மா கொண்டு போங்கள் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முற்பணம் போடாதீர்கள். ஹஸ்கி கல்முனைக்கு எந்த மாதத்திலும் வேண்டாம். லப்ரடோர் பற்றி மாரி கழிந்து, தை பிறந்த பிறகு பேசலாம். எதிர்வீட்டுப் பக் நாயைப் பற்றி மட்டும் இப்போதே யோசியுங்கள். அதைக் கடைசியில் விளக்குகிறேன்.

முதலில், மகளை ஏசாதீர்கள். படம் பார்த்து நாய் கேட்பது அவளோடு தொடங்கிய பழக்கம் அல்ல. அமெரிக்காவில் நாய்களை இனவாரியாகப் பதிவு செய்யும் சங்கத்தின் கணக்குகளை வைத்து 2014 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு வெற்றிப்படம் அதில் நடித்த நாயினத்தின் மவுசைப் பத்து வருடம் வரைக்கும் தூக்கி வைக்கும் என்று அது காட்டியது. 1943 இல் லாசி என்ற கொலி நாயின் படம் வந்த பிறகு இரண்டே வருடத்தில் கொலி நாய்களின் பதிவு 40 வீதம் கூடியது. கரும்புள்ளி போட்ட டல்மேஷியன் நாயின் கதை இன்னும் மோசம். டிஸ்னியின் டல்மேஷியன் சித்திரப்படம் 1985 இல் மறுபடி திரைக்கு வந்தபோது, வருடத்துக்கு எட்டாயிரம் சொச்சமாக இருந்த பதிவு, 1993 இல் 42,000 ஐத் தாண்டியது. அந்த நூற்றாண்டு முடியும் முன்பே 5,000 க்கும் கீழே விழுந்தது. இடையில் 1996 இல் நிஜ நாய்களை வைத்து எடுத்த படமும் வந்தது. அதற்கடுத்த வருடமே, டல்மேஷியன்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அமெரிக்கக் காப்பகங்கள் முறையிட்டன. குதித்துத் திரியும், ஓட ஓட அடங்காத நாய் அது. பிறவியிலேயே ஒரு காதாவது கேட்காத குட்டிகளும் அந்த இனத்தில் அதிகம். படத்தில் அதையெல்லாம் யார் சொன்னார்கள்?

அந்த 1996 ஆம் வருடப் படத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட குட்டிகளைப் பயன்படுத்தினார்கள். காரணம் எளிது: படப்பிடிப்பு முடியும் முன் குட்டி வளர்ந்துவிடும். வளர்ந்த குட்டியை விலக்கி, அதே அளவில் வேறொன்றைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆகவே திரையில் குட்டி எப்போதும் குட்டிதான். உங்கள் வீட்டில் மாற்றி வைக்க வேறு குட்டி வராது. ஆறு மாதத்தில் பல் விழுந்து முளைக்கும்போது செருப்பையும் கதிரைக் காலையும் கடிக்கும். எட்டு, பத்து மாதத்தில் சொல்வழி கேட்காத வயது வரும். பெட்டை நாய் என்றால் முதல் பருவமும் வரும், படலைக்கு வெளியே ஊர்க் கடுவன்கள் காவல் நிற்கும். எங்களிடம் “டொக்டர், இதை யாராவது எடுப்பாங்களா?” என்று வருபவர்களின் நாய்கள் பெரும்பாலும் இந்த வயதுக்காரர்தான்.

ஆனால் எல்லாப் பழியையும் படத்தின் தலையில் போடுவதும் சரியில்லை. 2016 இல் ‘ஃபைண்டிங் டோரி’ என்ற மீன் படம் வந்தபோது, அதில் வரும் நீல மீனை எல்லோரும் வாங்கிக் குவிப்பார்கள் என்று பயந்தார்கள். பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. இணையத்தில் மீனைத் தேடியவர்கள் கூடியிருந்தார்கள்; அமெரிக்காவுக்கு இறக்குமதியான மீன்கள் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. இன்னொரு பக்கம், ஆந்தை வளர்க்கும் சிறுவனின் ஹாரி பொட்டர் கதைகள் வந்த பிறகு இந்தோனேசியாவின் ஜாவா, பாலிப் பறவைச் சந்தைகளில் ஆந்தை வியாபாரம் பெருகியதை 2017 இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஆசை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். என் கணிப்பில் வித்தியாசம் இதுதான்: கடல்மீன் வளர்க்க உப்புநீர்த் தொட்டி, வடிகட்டி, பராமரிப்பு என்று ஆயிரம் ஆயத்தம் வேண்டும், அதற்குள் ஆசை தணிந்துவிடும். ஆந்தையோ சந்தையில் கூண்டோடு தொங்குகிறது, காசைக் கொடுத்தால் கையில். உங்கள் போனில் இருக்கும் பேஸ்புக் பக்கம் எந்த வகைச் சந்தை என்று நீங்களே பாருங்கள். லப்ரடோர் கேட்ட பிள்ளைக்கு, இரண்டு நிமிடத்தில் ஹஸ்கி பதிலாக வருகிறது. கூடவே ஞாயிற்றுக்கிழமைக் கெடு.

அந்தக் கெடுவைத்தான் உடைக்க வேண்டும். ஆசைக்கும் காசுக்கும் நடுவில் கொஞ்ச நாள் போகட்டும். ஒரு மாதம் கழித்தும் அதே நாயை அதே ஆர்வத்தோடு கேட்டால், அப்போது பேச்சு வேறு.

இனி ஹஸ்கி. பனிநாட்டில் சறுக்குவண்டி இழுக்க உருவான நாய் அது; இரண்டடுக்கு மயிர். நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வேர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை இறக்கும். காற்றில் ஈரம் கூடக்கூட அந்த இளைப்பும் வேலை செய்யாது. கடலும் வாவியும் சூழ்ந்த நம் கரையில் ஈரத்துக்குக் குறைவில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அனலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாயின் சாதாரண உடல்வெப்பம் 38 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை. அது 41 ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. சிலர் மயிரை ஒட்ட வழிக்கிறார்கள். அது வெயில் நேரே தோலில் படவே உதவும். குளிரூட்டி போட்ட அறையில் வைத்திருப்போம் என்றால், மின்கட்டணத்தை விடுங்கள், ஓடுவதற்கென்றே பிறந்த நாயை அறைக்குள் அடைத்தால் அது கதவைப் பிறாண்டும், இரவிரவாக ஊளையிடும். அக்கம்பக்கம் எத்தனை நாளைக்குப் பொறுக்கும்?

விற்பனையாளர் விஷயத்திலும் எனக்குத் திருப்தியில்லை. ஆறு வாரத்துக் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது. குறைந்தது எட்டு வாரம் வேண்டும். தாய் நாயை நேரில் காட்டாத இடத்தில் குட்டி வாங்காதீர்கள். குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற கிருமி உடம்பில் புகுந்து மூன்று முதல் ஏழு நாளில்தான் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தொடங்கும். வாங்கும் அன்று துள்ளிய குட்டி அடுத்த கிழமை சேலைனில் கிடப்பது அதனால்தான்.

லப்ரடோர் நம் காலநிலையில் வாழும். நிழல், தண்ணீர், வெயிலுக்கு முன் நடை இவை போதும். கஷ்டம் வேறு இடத்தில். வளர்ந்தால் முப்பது கிலோ வரும், நாளுக்கு 300 முதல் 400 கிராம் உலர்தீன், மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ. குட்டிக்குத் தொடர் தடுப்பூசி, பூச்சிமருந்து, பிறகு வருடாவருடம் விசர்நோய்த் தடுப்பூசி, கருத்தடைச் சத்திரசிகிச்சை. உண்ணிக்கு மருந்து மாதாமாதம். இங்கே உண்ணிக்காய்ச்சல் பொல்லாதது. கணவர் அனுப்புவது குட்டியின் விலை. இந்தக் கணக்கை அவருக்கும் எழுதி அனுப்பி, மாதச் செலவுக்கும் சம்மதமா என்று கேளுங்கள்.

லப்ரடோரின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு வருடம். அது கிழடாகும்போது மகளுக்கு 24 வயது. இடையில் சாதாரண தரம், உயர்தரம், ரியூசன், ஒருவேளை வெளியூர்ப் பல்கலைக்கழகம். ஆகவே நாய் வளர்க்கப் போவது நீங்கள். உங்களுக்கு நாய் பிடிக்குமா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை! இன்னொன்று, மாரி. வெள்ளம் வந்து பள்ளிக்கூடத்துக்கோ உறவுக்காரர் வீட்டுக்கோ போக நேர்ந்தால் நாயை எங்கே கொண்டு போவீர்கள்? சங்கிலியில் கட்டியபடி விட்டுப் போன நாய்களை வெள்ளம் வடிந்த பிறகு பார்த்த ஊர் இது. தை வரை பொறுக்கச் சொல்வது அதற்காகவும்தான்.

வளர்க்க முடியாமல் போன நாய்கள் எங்கே போகின்றன என்று நமக்குத் தெரியும். மீன் சந்தை, கடற்கரை, குப்பைமேடு. “யாராவது சோறு வைப்பாங்க” என்று விடுகிறார்கள். ஊர் நாய் அந்த வாழ்க்கைக்குப் பழகியது. வீட்டில் வளர்ந்த நாய்க்கு வாகனத்துக்கு விலகத் தெரியாது, மற்ற நாய்களிடம் பிழைக்கவும் தெரியாது. தப்பிப் பிழைத்த பெட்டை வருடத்தில் இரண்டு தடவை குட்டி போடலாம். தடுப்பூசி இல்லாத அந்தக் கட்டாக்காலிகளால் விசர்நாய்க்கடிப் பயம் ஊருக்கே. சட்டம் தடுக்கும் என்று நம்பியும் பயனில்லை. மிருகவதையைத் தடுக்கும் நம் சட்டம் 1907 ஆம் வருடத்தது, அதில் தண்டப்பணம் அதிகபட்சம் நூறு ரூபாய். இன்றைக்கு ஓர் இறாத்தல் பாணுக்கே அது காணாது.

(பூனை வளர்க்கும் காத்தான்குடி, சாய்ந்தமருது வாசகர்கள் சிரிக்க வேண்டாம். வீடியோ பார்த்து வாங்கிய பேர்சியன் பூனை, மயிர் சடைபிடித்து, தோலில் படையோடு எங்களிடம் வருகிறது. அதற்கும் இதே கணக்குத்தான்.)

மகளிடம் “முடியாது” என்று மட்டும் சொன்னால் அவள் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அழுவாள், காசு வந்து சேரும். அதைவிட, படத்தைப் பற்றியே அவளிடம் கேளுங்கள். படத்து நாய் சார்லி எங்கிருந்து தப்பி வந்தது? அதற்கு ஏன் புற்றுநோய் வந்தது? காசுக்காக நெருங்கிய உறவு நாய்களை இணைத்துக் குட்டி போட வைக்கும் கொடுமையைத்தான் அந்தப் படம் பேசுகிறது. அதைப் பார்த்துவிட்டு, தாயைக் காட்டாத ஒருவரிடம் குட்டி வாங்குவது படத்துக்கே நேர்மாறு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும்.

இனிப் பக் நாய். 2003 இல் இந்தியத் தொலைக்காட்சியில் ஒரு தொலைபேசி விளம்பரம் வந்தது. சிறுவன் ஒருவன் போகும் இடமெல்லாம் பின்னால் போகும் பக் நாயை நம் வீடுகளிலும் டிஷ் வைத்துப் பார்த்தோம். அந்த இனம் இங்கு பரவியதில் அதற்கும் பங்குண்டு. சப்பை மூக்கு என்பதால் மூச்சு விடுவதே அதற்குப் பாடு, வெயில் ஆகாது. புதிதாகக் குட்டி வாங்கப் போகிறேன் என்றால் இதையும் வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் இது ஏற்கனவே பிறந்து, நான்கு வயதாகி, ஆளில்லாமல் நிற்கும் நாய். நீங்கள் எடுத்தால் தெருவுக்குப் போக இருந்த ஒன்று குறையும். ஆறேழு கிலோதான் இருக்கும், வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு போகலாம்.

உடனே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். ஒரு மாதம் அது எதிர்வீட்டிலேயே இருக்கட்டும், வேலை மகளுடையதாக இருக்கட்டும். காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், நடை. கழுத்துப்பட்டி போடாமல் நெஞ்சுப்பட்டி. முகமடிப்புகளை ஈரத்துணியால் துடைத்து உலர வைப்பது. பீ அள்ளுவது. எதிர்வீட்டுக்காரர் சம்மதிப்பார், அவருக்கும் சுமை குறைகிறதே. பள்ளி தொடங்கிய பிறகும் அவள் எழும்பிப் போகிறாளா என்று பாருங்கள். போகாவிட்டால் லப்ரடோர் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

போனால், எடுக்கும் முன் மிருக வைத்தியரிடம் ஒரு தடவை காட்டுங்கள். சும்மா படுத்திருக்கும்போதும் குறட்டை போல மூச்சு இழுக்கிறதா, நடந்தால் நாக்கு நீலம் பாய்கிறதா, கண்ணில் வெள்ளைப் புள்ளி உண்டா, விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குக் கொழுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூச்சில் பெரிய கோளாறு என்றால் சத்திரசிகிச்சைச் செலவையும் அப்போதே கேட்டறியுங்கள். நாயோடு தடுப்பூசி அட்டையையும் கேட்டு வாங்குங்கள். அட்டை இல்லையென்றால் ஊசியே போடவில்லை என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குங்கள். விசர்நோய்த் தடுப்பூசியை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் முகாம்களில் இலவசமாகப் போடுவார்கள். அடுத்த முகாம் எப்போது என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் சொல்வார்.