கூட்டமில்லாத பனிமலை எங்கே இருக்கிறது?

கேள்வி: அக்கா, வணக்கம். ஆண்டிறுதி விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பனியைக் காட்டலாம் என்று இருக்கிறோம். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. கூடவே மாமியாரும் வருகிறார். சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். அலுவலகத்தில் எல்லாரும் நிசேகோ, நிசேகோ என்கிறார்கள், ஜப்பானில் உள்ள பனிமலையாம். ஆனால் என் மகனுக்குக் கூட்டம் என்றாலே பயம். தைப்பூசத்தன்று பத்துமலைப் படியில் பாதி ஏறியதுமே அழ ஆரம்பித்துவிட்டான். அமைதியாக ஸ்கீ (பனிச்சறுக்கு) பழக எந்த ரிசார்ட் நல்லது?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இடம் அப்புறம் தங்கச்சி, முதலில் தேதியைப் பேசிவிடுவோம். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

நாங்கள் முதன்முதலில் பனிக்குப் போனது 2016 டிசம்பரில். பினாங்கிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து தோக்கியோ. அங்கே ரயில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம் என்பதற்காகவே ஓர் இடத்தைப் பிடித்தோம். போய் இறங்கிய நாள் டிசம்பர் 30. நமக்குத் தீபாவளி எப்படியோ, ஜப்பானியருக்குப் புத்தாண்டு அப்படி. டிசம்பர் 29 வாக்கில் தொடங்கி ஜனவரி 3 வரை பெரும்பாலான அலுவலகங்கள் மூடியிருக்கும், ஊரே குடும்பத்தோடு கிளம்பிவிடும். காலணி வாடகைக்கு ஒரு வரிசை, சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டின் சீட்டுக்கு ஒரு வரிசை, லிஃப்டில் ஏற இன்னொரு வரிசை. அப்போது 7 வயதான என் மகள், கல்லைக் கட்டியது போன்ற அந்தக் காலணியோடு நின்று நின்று, அன்று முழுக்க இரண்டே முறைதான் சறுக்கினாள். இரவு போர்வைக்குள் இருந்துகொண்டு, “நாளைக்கு வேண்டாம்மா” என்றாள். இடத்தின்மேல் ஒரு குற்றமும் இல்லை. நம் பள்ளி விடுமுறையைப் பார்த்தேனே தவிர, மற்றவர்களுக்கு எப்போது விடுமுறை என்று பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து எந்தப் பனிமலைக்கும் இரண்டு மூன்று நாட்டுப் பள்ளி விடுமுறைகளைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளாமல் நான் டிக்கெட் எடுப்பதில்லை.

உங்களுக்காகவும் அப்படி எழுதிப் பார்த்தேன். 2026 முதல் நம் பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரிக்குத் திரும்பிவிட்டதால் டிசம்பர் பெரும்பகுதி பிள்ளைகள் வீட்டில்தான். ஜப்பானில் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை கிறிஸ்துமஸை ஒட்டித்தான் தொடங்குகிறது. ஆஸ்திரேலியப் பிள்ளைகளுக்கு டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசிவரை கோடை விடுமுறை. அவர்கள் பெருங்கூட்டமாக வருவது நிசேகோவுக்கும், ஹக்குபா என்ற இன்னொரு ஜப்பானியப் பனிமலைக்கும். ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் அமைதியான இடைவெளி டிசம்பர் 12 முதல் 22 வரை. அதிலும் ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்து, திங்கள் முதல் வியாழன்வரை சறுக்கிவிட்டு, வெள்ளிக்கிழமை கிளம்பிவிடுங்கள். சனி, ஞாயிறு உள்ளூர்க்காரர்களின் நாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் நடுவில் மலை முழுக்கத் திறந்திருக்காது. சில சரிவுகளுக்கு இன்னும் பனி போதாது. உங்கள் குடும்பத்துக்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை. நான்கு நாளும் நீங்கள் இருக்கப்போவது அடிவாரத்துப் பச்சைச் சரிவில்தான். ஜப்பானில் பச்சை என்றால் புதியவர்களுக்கு, சிவப்பு ஓரளவு பழகியவர்களுக்கு, கறுப்பு தேர்ந்தவர்களுக்கு.

இப்போது இடம். நான் உங்களுக்குச் சொல்வது ஃபுரானோ. ஹொக்கைடோ தீவின் நடுவில் இருப்பதால் அதைத் தீவின் தொப்புள் என்பார்கள். கோடையில் லாவெண்டர் வயல்களுக்குப் பேர் போன ஊர்தான். கடலிலிருந்து தள்ளி இருப்பதால் குளிர் அதிகம், அதனாலேயே பனி உலர்ந்து மாவு மாதிரி இருக்கும். விழுந்தால் அவ்வளவாக வலிக்காது. உலகக் கோப்பைப் போட்டிகள் நடந்த மலை என்றாலும், அடிவாரத்தில் அகலமான மென்சரிவுகள் இருக்கின்றன. முக்கியமாக, அது வெறும் ரிசார்ட் இல்லை, ஜனங்கள் வாழ்கிற ஒரு சிற்றூர். மாலையில் சூப்பர்மார்க்கெட்டில் வெங்காயம் வாங்க வரும் பாட்டிகளைப் பார்க்கலாம். கோலாலம்பூரிலிருந்து சப்போரோ அருகே உள்ள நியூ சித்தோசே விமான நிலையத்துக்கு ஏர்ஏசியா எக்ஸ் நேரடியாகப் போகிறது, ஏறக்குறைய 8 மணி நேரம். அங்கிருந்து பேருந்தில் இரண்டரை, மூன்று மணி நேரம். அந்தத் தூரம்தான் கூட்டத்தைக் கொஞ்சம் வடிகட்டுகிறது. காரை வாடகைக்கு எடுக்காதீர்கள். பனிக்கட்டிச் சாலையில் ஓட்டிப் பழகாதவர்களுக்கு அது வேண்டாத சோதனை.

நிசேகோ மோசம் என்று சொல்லவில்லை. நான்கு ரிசார்ட்டுகள் ஒரே மலையில் இணைந்த பெரிய இடம் அது. அதிலேயே அன்னுப்புரி பக்கம் அமைதியாக இருக்கும். எங்கும் ஆங்கிலம் பேசுவார்கள், அது ஒரு பெரிய வசதி. ஆனால் உங்கள் மகனுக்கு அங்கே உள்ள ஹிராஃபு பகுதியின் சந்தடி ஆகாது. எதையும் யோசிக்க வேண்டாம், பயிற்சியும் லிஃப்டும் சாப்பாடும் ஒரே கட்டணத்தில் முடிந்துவிட வேண்டும் என்றால் ஹொக்கைடோவிலேயே சஹோரோவில் உள்ள கிளப் மெட் ரிசார்ட்டையும் விசாரியுங்கள். காசு கூடத்தான், ஸ்கீ பலகை, காலணி வாடகை தனி.

ஃபுரானோவோ வேறிடமோ, பதிவு செய்யும் முன் ரிசார்ட்டின் வரைபடத்தைத் திறந்து பச்சைச் சரிவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பாருங்கள். சில இடங்களில் புதியவர்கள் பழகும் சரிவின் குறுக்கே வல்லுநர்கள் வேகமாக இறங்கி வருவார்கள். ஒரு 6 வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் சர்ரென்று ஒருவர் பாய்ந்தால் போதும், அன்றைய தைரியம் அத்தனையும் போய்விடும். தனியாக வேலி போட்ட பழகுமிடமும், நின்றால் தானே மேலே கொண்டுபோகும் நகரும் பட்டையும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். அடுத்தது, தங்குமிடத்திலிருந்து சரிவு எத்தனை நிமிட நடை? பிள்ளைக்குச் சிறுநீர் வரும், கையுறை நனையும், பசிக்கும். ஐந்து நிமிடத்துக்குமேல் என்றால் அதை விடுங்கள். ஆங்கிலத்தில் சொல்லித்தரும் ஆசிரியரை முன்கூட்டியே பிடித்து, முதல் நாளுக்காவது மகனுக்குத் தனிப்பயிற்சி வையுங்கள். மகளைக் குழுவில் சேர்க்கலாம்; 10 வயதுக்குத் துணை கிடைத்தால் உற்சாகம்தான். ஃபுரானோவில் ஆரம்பப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு லிஃப்ட் இலவசமாக இருந்திருக்கிறது. நீங்கள் போகும் பருவத்திலும் அது உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மாமியார் விஷயம்தான் எனக்கு மனசுக்கு நெருக்கம், ஏனென்றால் என் அம்மாவும் அப்படித்தான். ஜப்பானில் காய்கறிச் சாப்பாடு என்று சொல்லிக் கொடுப்பதில்கூட தாஷி இருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த மீனைச் சீவிக் காய்ச்சிய சாறு. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த முள்ளங்கி என்று எல்லாவற்றிலும் அது வரும். கறி ரைஸ் என்று பார்த்துவிட்டு நம் குழம்பு போல என்று நம்பிவிடாதீர்கள். அந்தக் குழம்புக் கட்டியில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கும். ஆகவே அடுப்பங்கரையோடு கூடிய தங்குமிடம் எடுங்கள். ஃபுரானோவில் கிட்டானோமினே பக்கம் தேடினால் கிடைக்கும். அரிசி, காய், தயிர், டோஃபு எல்லாம் அங்கேயே வாங்கலாம். சாம்பார்த்தூள், பருப்பு, ஊறுகாய், மோர்மிளகாய் மட்டும் இங்கிருந்து. இறைச்சி கலந்த எதையும் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. சம்பல், செருண்டிங் பொட்டலங்களின் லேபிளைப் பாருங்கள். வீட்டு ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 240. நான் கொண்டுபோனதில் ஒரு மணி நேரமாகியும் அரிசி வேகவே இல்லை. அம்மா அன்று ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டுப் படுத்தார். விடுதியில் குக்கர் இருக்கிறதா என்று முன்பே கேட்டிருக்க வேண்டும்.

பிள்ளைகள் சறுக்கும்போது அவர் சும்மா உட்கார வேண்டியதில்லை. நியூ ஃபுரானோ பிரின்ஸ் ஹோட்டலுக்குப் பக்கத்துக் காட்டில் நிங்கிள் டெரஸ் என்று சின்னச் சின்ன மரக்குடில் கடைகள் உண்டு. அந்த மாதத்தில் மாலை நான்கு மணிக்கே சூரியன் இறங்கிவிடும். விளக்கேற்றியதும் என் அம்மா அங்கே நின்று, கார்த்திகை மாதிரி இருக்கிறது என்றார். அடிப்பாகத்தில் முள் பதித்த பட்டையை அவர் காலணிமேல் மாட்டிவிடுங்கள், வழுக்காது.

கேள்வி: ஆண்டிறுதியில் கடைக் கணக்கு முடிக்கும் வேலை, எங்களால் எங்கும் நகர முடியாது. மற்ற விடுமுறைகளில் பனி கிடைக்குமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கிடைக்கும் தம்பி. சொல்லப்போனால் உங்களுக்குத்தான் அதிர்ஷ்டம். மார்ச் விடுமுறையில் ஹொக்கைடோவில் இன்னும் நிறையப் பனி இருக்கும்; ஃபுரானோ வழக்கமாக மே தொடக்கம்வரை திறந்திருக்கும். காலையில் பனி இறுகியிருக்கும், மதியம் இளகும், ஆகவே பத்து மணிக்குமேல் தொடங்குங்கள். குளிர் குறைவு, வெளிச்சம் அதிகம், முதல்முறை போகும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல மாதம் இல்லை.

இன்னொன்று, ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வார விடுமுறை. அப்போது நியூசிலாந்தில் பனிக்காலம். அவர்களுக்கும் ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதிக்கும் அடுத்த பள்ளி விடுமுறை செப்டம்பர் கடைசியில்தான் வருகிறது. ஆகவே அந்த வாரநாட்களில் மலை அமைதியாக இருக்கும். அங்கே வானாக்கா ஊருக்கு அருகே உள்ள கார்ட்ரோனா பனிமலை குடும்பங்களுக்கு ஏற்றது. அதைவிடச் சின்னதாக, தெக்காப்போ ஏரிப் பக்கம் ரவுண்ட்ஹில் இருக்கிறது. அகலமான மென்சரிவு, கீழே நீல ஏரி. ஆனால் அங்கே பெரும்பாலும் ஊரில் தங்கித்தான் மலைக்கு ஏற வேண்டும். மலைச்சாலையில் டயருக்குச் சங்கிலி மாட்டச் சொல்வார்கள். மலையேறும் பேருந்து இருந்தால் அதைப் பிடியுங்கள். காரே எடுப்பதானால் நம் மலாய் மொழி உரிமம் மட்டும் போதாது, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியோ, அங்கீகரிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்போ வேண்டும். பொடி, ஊறுகாய் எல்லாவற்றையும் விமான நிலையத்தில் அறிவித்துவிடுங்கள். மறைத்தால் அபராதம் கடுமை.

மே கடைசி, ஜூன் விடுமுறையை நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் பருவமே ஜூன் நடுவை ஒட்டித்தான் தொடங்கும்.

கேள்வி: குளிராடைக்கு எவ்வளவு செலவழிப்பது? காப்புறுதி தேவையா?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: மேலே போடும் நீர்புகா ஜாக்கெட்டையும் கால்சட்டையையும் மலையிலேயே வாடகைக்கு எடுங்கள், பிள்ளைகள் அடுத்த ஆண்டே வளர்ந்துவிடுவார்கள். கையுறை, காலுறை, உள்ளாடை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். பருத்தியும் ஜீன்சும் வேண்டாம்; நனைந்தால் காயாது. ஆளுக்கு இரண்டு ஜோடிக் கையுறை அவசியம். ஹெல்மெட் இல்லாமல் பிள்ளையைச் சரிவில் விடாதீர்கள். காப்புறுதி கட்டாயம் எடுங்கள், ஆனால் பனிச்சறுக்கு விபத்துக்கும் பொருந்தும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்; சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பலவற்றில் அது விலக்கப்பட்டிருக்கும்.

கேள்வி: இங்கேயே ஏதாவது பழகிவிட்டுப் போக முடியுமா அக்கா? மகள் பயப்படுகிறாள்.
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: ஸ்கேட்டிங் வேறு, ஸ்கீ வேறுதான். இருந்தாலும் சன்வே பிரமிட்டில் உள்ள ஸ்கேட்டிங் திடலுக்கு நான்கைந்து வாரம் கூட்டிப்போங்கள். இறுக்கமான காலணியோடு நிற்பதும், விழுந்து எழுவதும் அங்கேயே பழகிவிடும். குளிர் எப்படி இருக்கும் என்று காட்ட ஷா ஆலாம் ஐ-சிட்டியின் பனிக்கூடம் போதும், அங்கே சுழியத்துக்குக் கீழே 5 டிகிரி. என் மகளை இரண்டாம் பயணத்துக்கு முன் இப்படித்தான் தயார் செய்தேன். ஃபுரானோவில் மூன்றாம் நாள் மதியம், லிஃப்ட் மூடப்போகிறது என்று ஆசிரியர் சொன்னபோது, இன்னும் ஒரே ஒரு தடவை என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.