பொறாமைக்கு மருந்து இருக்கிறதா, டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 16. சுங்கை சிப்புட்டில் படிவம் நான்கு படிக்கிறேன். இரண்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் வயிறு பிசைகிறது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போகின்றன. இரண்டு மாதமாக மாதவிலக்கும் வரவில்லை. டியூஷனில் பழகிய ஒருவரை விரும்புகிறேன்; அவர் படிவம் ஐந்து. என் நெருங்கிய தோழியோடு அவர் பேசினால் என்னால் தாங்க முடியவில்லை. இரவில் அவர் வாட்ஸ்அப்பில் இருக்கிறாரா என்று பார்த்துப் பார்த்தே மணி இரண்டாகிவிடுகிறது. போன வருடம் அம்மா மறுமணம் செய்துகொண்டார். பாட்டி தோட்டத்திலேயே தங்கிவிட்டார். நாங்கள் டவுனில் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்துவிட்டோம். தம்பி பிறந்து நான்கு மாதம். அவனுடைய தொட்டில் சத்தத்தைக் கேட்டபடி விழித்துக் கிடக்கிறேன். நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் இடமாவது மிச்சமாகும் என்று சில நாள் தோன்றுகிறது. எனக்கு இதய நோயா? பொறாமைக்கு மருந்து இருக்கிறதா?

பதில்: மகளே, நீ போகிற போக்கில் எழுதிய "இடமாவது மிச்சமாகும்" என்ற வரியிலிருந்து தொடங்குகிறேன். அதை மூன்று முறை படித்தேன். ஏதோ ஒரு நாள் சலிப்பில் வந்த பேச்சாக இருக்கலாம். அதற்கு மேலாகவும் இருக்கலாம். உன் முகத்தைப் பார்க்காமல் என்னால் நிதானிக்க முடியாது. ஆகவே பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன். அந்த எண்ணம் மறுபடி தலைகாட்டினால் தனியாகப் படுத்துக் கிடக்காதே. எழுந்து போய் அம்மாவை எழுப்பு. தம்பிக்குப் பால் கொடுத்துவிட்டு அப்போதுதான் கண் அசந்திருந்தாலும் எழுப்பு. அதற்கு மனம் வராவிட்டால் 15999 என்ற எண்ணை அழை. தாலியான் காசே என்ற அந்த மலேசிய அரசாங்கச் சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது. மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் பிஃபிரண்டர்ஸ் தன்னார்வலர்களையும் 03-76272929 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். உனக்கு நீயே தீங்கு செய்துகொள்ளத் தோன்றினால் காத்திருக்கவே கூடாது. நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். 2022இல் நாடு முழுவதும் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம் மனச்சோர்வு தெரிந்தது. உன் வகுப்பிலும் சிலர் இதையே சுமந்துகொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கக்கூடும்.

இனி இதயம். நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் இதய நோய் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓடும்போதோ விளையாடும்போதோ நெஞ்சு வலித்தால், மயங்கி விழுந்தால், அல்லது குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால் உடனே இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். உனக்கு வருவதோ சும்மா உட்கார்ந்திருக்கும்போது. விரல்கள் மரத்துப்போவதாக நீ சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது. கலக்கம் வந்தால் நம்மை அறியாமல் வேகவேகமாக மூச்சு விடுகிறோம். இரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அப்போது விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும், மூச்சு போதவில்லை என்று தோன்றும். தோன்றத் தோன்ற இன்னும் வேகமாக மூச்சு வாங்குவோம். இதற்கு மூச்சை இழுத்து இழுத்துப் பயனில்லை, மெல்ல விடத்தான் பழக வேண்டும். நான்கு எண்ணும்வரை மூக்கால் இழு. ஆறு எண்ணும்வரை, சூடான மைலோவை ஊதி ஆற்றுவது போல் உதட்டைக் குவித்து விடு. ஐந்து நிமிடம் இப்படிச் செய்தால் விரல்களில் உணர்வு திரும்புவதை நீயே பார்ப்பாய்.

வயிற்றுவலியும் பொய்யில்லை. யாராவது "நடிக்கிறாள்" என்று சொல்லியிருந்தால் அதை மனத்தில் வைத்துக்கொள்ளாதே. நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல் அட்ரீனல் சுரப்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. செம்பனை மரத்தடியில் பாம்பைக் கண்டால் உன் பாட்டி ஒரே தாவாகப் பின்னால் தாவுவார் அல்லவா, அந்த வேகத்தைக் கொடுப்பவை அவைதான். நீ அனுப்பியதை அவன் பார்த்துவிட்டான், பதில் மட்டும் வரவில்லை என்று காட்டும் அந்த இரண்டு நீலக் குறிகளைக் கண்டாலும் அவை அதே வேலையைத்தான் செய்கின்றன. பாம்புக்கும் கைப்பேசிக்கும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியாது. இதயம் வேகமாக அடிக்கும்; குடலுக்குப் போகும் இரத்தம் குறையும்; குடலைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் நரம்புகள் முறுக்கிக்கொள்ளும். ஆனால் வலி உன்னை நடுராத்திரியில் தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, எடை குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ அது வேறு. அப்படி ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதே.

மாதவிலக்கைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் கேட்கிறேன். அந்தப் பையனோடு உடல் உறவு ஏதாவது நேர்ந்திருந்தால், முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து கர்ப்பமா இல்லையா என்று பார்த்துவிட வேண்டும். அம்மாவோடு கிளினிக்குக்குப் போனாலும், "டாக்டரிடம் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்" என்று நீ கேட்கலாம்; அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அப்படி எதுவும் இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் மூளைக்கு அடியில்தான் இருக்கும். மாதவிலக்குக்கு அங்கிருந்துதான் சமிக்ஞை போக வேண்டும். தூக்கம் கெட்டு, காலைச் சாப்பாட்டைத் தவிர்த்து, மனம் நிலைகொள்ளாமல் இருந்தால் அந்தச் சமிக்ஞை தடைப்படும். 90 நாள் தாண்டியும் வராவிட்டால் எந்தப் பெண்ணும் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். உனக்கு வேறு தொல்லைகளும் சேர்ந்திருப்பதால் இந்த வாரமே போ. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்தான். தைராய்டையும் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. அதற்கும் இதே படபடப்புத்தான் வரும். சோறு சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது.

தூக்கம். உன் வயதில் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். இரண்டு மணிக்குக் கண்ணை மூடி, பள்ளி பஸ்ஸுக்காக ஐந்தரைக்கு எழுந்தால் மூன்றரை மணி நேரம்தான் மிஞ்சுகிறது. அவ்வளவு குறைவாகத் தூங்கினால் சாதாரணச் சொல்கூட அவமதிப்பாகவே கேட்கும்.

பொறாமைக்கு மாத்திரை இல்லை, மகளே. 16 வயதில் ஒருவனைப் பிடித்துப்போவது நோயும் அல்ல, குற்றமும் அல்ல. அதற்காக உன்னைக் கடிந்துகொள்ள மாட்டேன். ஆற அமர யோசிக்க வைக்கும் முன்மூளை இருபதுகளின் நடுவரை வளர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆசையும் பயமும் அதற்கு முன்பே முழு வேகம் பிடித்துவிடுகின்றன. ஆனால் இரவில் அவன் வாட்ஸ்அப்பில் இருக்கிறானா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறாயே, அதை மட்டும் விட்டுவிடச் சொல்கிறேன். அது படர்தாமரையைச் சொறிவது போன்றது. சொறியும் நேரம் சுகம். கையை எடுத்ததும் முன்னைவிட அதிகமாக அரிக்கும், புண்ணும் பரவும். பத்து மணிக்குக் கைப்பேசியைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு வந்து படு. முதல் மூன்று, நான்கு இரவு உயிர் போகிற மாதிரி இருக்கும். பிறகு தணியும். இன்னொன்றும், நீ எழுதாவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்: அன்பை நிரூபிக்கப் படம் அனுப்பு என்று யார் கேட்டாலும் அனுப்பாதே. சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் சிறார் என்றே கொள்கிறது. அப்படிக் கேட்பதே தவறு. அந்தப் பழி உன்னைச் சேராது.

உன் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். நீ எழுதியது நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் அந்தப் பையன், உன் தோழி, யார் யாரிடம் எப்போது பேசினார்கள் என்பது. தொட்டிலுக்கு ஒரே ஒரு வரி. நான் அந்த ஒரு வரியில்தான் நெடுநேரம் நின்றேன். கைலியைக் கட்டித் தொங்கவிட்ட ஸ்பிரிங் தொட்டிலின் அந்தக் கிரீச், கிரீச் சத்தம் எனக்கும் தெரியும். தடுப்புச் சுவர் அதை மறைக்காது. ஒரே வருடத்தில் பாட்டியின் பக்கத்தில் படுக்கும் பாய் போய்விட்டது. கதவைத் தட்டாமலே உள்ளே வரும் தோட்டத்து அக்கம்பக்கம் போய்விட்டது. அம்மாவின் மடியில் வேறொரு பிள்ளை. அந்த நேரத்தில் ஒருவன் வந்து "எனக்கு நீதான் முக்கியம்" என்றான். பாட்டியாகவும் அம்மாவாகவும் தோட்டமாகவும் அவனே இருக்க வேண்டியதாகிவிட்டது. அவனுக்கும் பதினேழு வயதுதான். அவன் உன் தோழியிடம் சிரித்துப் பேசும்போது உனக்குள் கேட்பது அந்தத் தொட்டில் சத்தம் என்றே நினைக்கிறேன்: இன்னொருவர் வந்துவிட்டார், இனி உனக்கு இடமில்லை.

எனக்கு இது ஏட்டில் படித்த விஷயம் அல்ல. பேரா மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவள் நான். எனக்குப் பதினோரு வயதில் அம்மா தவறிவிட்டார். அடுத்த வருடம் அப்பா சின்னம்மாவை அழைத்து வந்தார். தொழிலாளர்களுக்கான வரிசை வீடான லயத்து வீட்டில் ஒரே அறை. நான் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட மாட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போகுமுன் அவர் எனக்குத் தேநீர் ஊற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். நான் எழுந்து தட்டைத் தூக்கினால் உட்புறம் ஆவி முத்து முத்தாகப் பூத்திருக்கும். பல மாதம் அதைக் குடிக்காமல் வாசலில் கொட்டினேன். மண்ணில் ஒரே இடம் கறுத்துப்போய், சின்னம்மா அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போவார். ஒரு நாளும் கேட்கவில்லை. தட்டைக் கவிழ்ப்பதையும் நிறுத்தவில்லை. அந்த வருடம் முழுக்க எனக்கு வயிற்றுவலி. தோட்டத்து மருந்தகத்தைக் கவனித்த டிரசர் இரண்டு தடவை பூச்சி மருந்து கொடுத்தார். வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். அதனால்தான் என் கிளினிக்குக்கு வயிற்றுவலி என்று வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் அதைக் கேட்கிறேன்.

ஆகவே உன்னிடமும் கேட்கிறேன். அம்மாவிடம் இதை எப்போதாவது சொன்னாயா? பையனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டாம். "அம்மா, எனக்கு உங்களோடு தனியாக இருக்க வேண்டும்" என்று மட்டும் சொல். வாரத்தில் ஒரு நாள், இரவுச் சந்தைக்கு நீங்கள் இருவர் மட்டும் போய்வர அரை மணி நேரம் போதும். சனிக்கிழமை பாட்டி வீட்டில் தங்கிவரவும் கேள். உன் அம்மாவின் கணவரை நீ "அங்கிள்" என்றே கூப்பிடுவதாக எழுதியிருக்கிறாய். அப்படியே கூப்பிடு, "அப்பா" என்ற சொல் வந்தால் தானாக வரட்டும். அவரிடமோ வீட்டுக்கு வருகிற வேறு யாரிடமோ உனக்குப் பயமோ கூச்சமோ ஏற்படும்படி ஏதாவது நடந்தால், அதை அம்மாவிடம் அல்லது பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் அன்றே சொல்ல வேண்டும். மேலே கொடுத்த 15999 அதற்கும்தான்.

இதை உன் அம்மாவிடம் காட்டினால், அவருக்கும் இரண்டு வார்த்தை. தங்கச்சி, நான்கு மாதக் கைக்குழந்தையோடு நீங்களும் தூங்கியிருக்க மாட்டீர்கள், தெரியும். மறுமணம் செய்துகொண்டதில் தவறில்லை. மகளுக்கு அதில் பிணக்கு இருப்பதிலும் தவறில்லை. கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வதால் இந்த வயிற்றுவலி போகாது. தம்பியைத் தூக்கச் சொல்லும் நேரம் தவிர, வேறு எதற்காகவாவது அவளைக் கூப்பிடுங்கள். தலையில் எண்ணெய் வைத்துவிடக் கூப்பிட்டாலும் போதும்.

மகளே, உன் தோழியிடம் இன்னும் சண்டை போட்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். ஒரு வாரம் நன்றாகத் தூங்கிய பிறகு அவளிடம் பேசு, அதற்கு முன் வேண்டாம். கிளினிக்குக்குப் போகும்போது உன் அடையாள அட்டையான மைகார்டை எடுத்துக்கொள். கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியைத் தாளில் குறித்துக்கொள். டாக்டர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். வெறும் வயிற்றோடு போகாதே, இரத்தம் எடுக்கும்போது தலை சுற்றும். ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுது.