கார்புரேட்டர் ஹீட்டைப் பாதியில் அணைத்தது சரியா?

வணக்கம். கடலூர்க் கரையோரம் செஸ்னா 152 என்ற சிறு விமானத்தில், எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைத்து இறங்கியபோது எஞ்சின் திணறியதாகவும், கார்புரேட்டர் ஹீட்டைப் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் அமைப்பை) போட்டதும் குலுக்கல் அதிகமானதால் உடனே அணைத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அணைத்ததுதான் தவறு.

நம் ஊர்ப் புழுக்கத்தில் கார்புரேட்டருக்குள் ஐஸா என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் ஆவியாவதாலும் வென்சுரி என்ற குறுகலான காற்றுவழியில் அழுத்தம் குறைவதாலும் கார்புரேட்டருக்குள் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸுக்கு மேலும் சரியக்கூடும் என்பதால், ஐப்பசி மாதத்து ஈரக்காற்றில், அதுவும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும்போது, உள்ளே பனி உறைவது இயல்பே. சூடான காற்று பட்டு உருகும் நீர் எஞ்சினுக்குள் செல்வதால்தான் அந்தக் குலுக்கல்; ஆர்பிஎம் (எஞ்சினின் சுழற்சி வேகம்) மீண்டும் ஏறும்வரை ஹீட்டை முழுதாக இழுத்தபடியே விட்டிருக்க வேண்டும். அந்தச் சூடு எஞ்சினின் புகைபோக்கியான எக்ஸாஸ்ட்டிலிருந்து வருவது. எஞ்சின் நின்று குளிர்ந்துவிட்டால் அதுவும் கிடைக்காது.

எஞ்சின் நின்றேவிட்டால் எங்கே இறக்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். 60 நாட் (மணிக்கு சுமார் 110 கி.மீ.) வேகத்தில் எஞ்சினின்றிச் சறுக்கி இறங்கினால், காற்றில்லாத நிலையில், 1000 அடி உயரம் சுமார் ஒன்றரை நாட்டிக்கல் மைல் (ஏறக்குறைய 2.8 கி.மீ.) தூரத்தைத் தரும். பாகூர்ப் பக்கத்து நெல்வயல்கள் மேலிருந்து பார்க்க மெத்தைபோலத் தெரியும். ஆனால் நடவு முடிந்த சேற்றில் முன்சக்கரம் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடும், வரப்புகள் வேறு. படகும் வலையும் ஆட்களும் இல்லையென்றால், அலை நனைத்து இறுகிய மணல்விளிம்பையே நான் தேர்ந்தெடுப்பேன். கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.