மகளின் பென்சில் பெட்டி

கேள்வி: பதினான்கு வருடம் சிகரெட் பிடித்தேன். வேப் (மின்சிகரெட்) கைக்கு வந்த பிறகுதான் அதை விட முடிந்தது. சிங்கப்பூரில் சிகரெட்டைக் கடையில் வாங்கலாம், வேப் வைத்திருந்தால் மட்டும் குற்றம். இப்போது சட்டத்தை இன்னும் இறுக்கிவிட்டார்கள். பயந்து பயந்து வாழ்கிறேன். போன மாதம் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் போய்த் திரும்பும்போது மகளின் பென்சில் பெட்டியில் போட்டுத்தான் கொண்டுவந்தேன். தொடக்கநிலை மூன்று படிக்கிறாள். கெட்டிக்காரி, அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. இந்த அநியாயத்தை எப்படித்தான் தாங்குவது?
– வேலைவாய்ப்பு அனுமதியில் (Employment Pass) இருக்கும் ஒரு வாசகர், உட்லண்ட்ஸ் (கடிதம் சுருக்கப்பட்டது)

பதில்: தம்பி, நான்கு பக்கக் கடிதத்தில் மகளுக்கு இரண்டு வரி கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு அந்த இரண்டு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

உங்கள் ஆதங்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையே வேப்பையும் ஒரு வழியாகச் சொல்கிறது. சிங்கப்பூர் வேறு முடிவெடுத்தது. 2018 பிப்ரவரியிலிருந்தே வாங்குவது, வைத்திருப்பது, இழுப்பது எல்லாம் அங்கே குற்றம். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தை வேப்பில் கலந்து விற்க, அது பிள்ளைகள் கைவரை போனது. அப்புறம்தான் 2025 செப்டம்பர் 1 முதல் பிடி இறுகியது. முதல் முறை சிக்கும் பெரியவருக்கு 700 சிங்கப்பூர் வெள்ளி அபராதம், அடுத்த முறை மறுவாழ்வுத் திட்டம், மூன்றாவது முறை நீதிமன்றம். திரும்பத் திரும்பச் சிக்கும் வெளிநாட்டவர் அனுமதியை இழந்து ஊர் திரும்ப வேண்டியதுதான். எல்லை தாண்டிக் கொண்டுவருவது இதைவிடப் பெரிய குற்றம், சிறைக்கே வழி உண்டு. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். தெரிந்ததால்தானே உங்கள் பையில் வைக்கவில்லை?

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியின் அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். பள்ளிப் பை ரப்பர் பட்டையில் ஏறி இயந்திரத்துக்குள் போகிறது. ரப்பரும் ஷார்ப்பனரும் இருக்க வேண்டிய பெட்டியில் அப்பாவின் சாமான் இருக்கிறது என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரியும். பை மறுபக்கம் வந்து சேரும்வரை அவள் யார் முகத்தைப் பார்த்திருப்பாள்? அதிகாரி முகத்தையா, உங்கள் முகத்தையா? பயந்து வாயை மூடிக்கொண்ட பிள்ளைக்குக் கெட்டிக்காரி என்று பட்டம் கொடுக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

அதைவிட எனக்கு வயிற்றைக் கலக்குவது, "அம்மாவிடம்கூட" என்ற வார்த்தை. அம்மாவிடம் மறைக்க ஒரு பெண் குழந்தைக்குப் பழக்கிவிட்டீர்கள். நாளைக்கு வேறு எவனாவது "அம்மாவிடம் சொல்லாதே" என்றால், அவளுக்கு அது புதிதாகவே இருக்காது. அப்பாவே சொல்லிக்கொடுத்த பாடம்தானே. உங்கள் மனைவியும் மகளும் உங்கள் அனுமதியை நம்பித்தான் அங்கே இருக்கிறார்கள். அது போனால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டும். அந்த ஆபத்தை எடுக்கும்போது மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? குடும்பத் தலைவன் என்றால் பாரத்தைத் தன் தோளில் சுமப்பவன். பிள்ளையின் பென்சில் பெட்டிக்குள் இறக்கி வைப்பவன் அல்ல.

சட்டம் சரியா தப்பா என்று இன்னும் பத்து வருடம் வாதாடுங்கள், தடுக்க மாட்டேன். இன்றைக்குச் செய்ய வேண்டியது வேறு. தாமாக முன்வந்து ஒப்படைப்பவருக்கும் விட உதவி கேட்பவருக்கும் அங்கே தண்டனை இல்லை. திரும்பச் சிகரெட்டுக்கே போய்விடுவோமோ என்ற உங்கள் பயம் நிஜமானது. அதை அப்படியே ஆலோசகரிடம் சொல்லுங்கள். நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை என்று சட்டத்துக்கு உட்பட்ட வழிகள் இருக்கின்றன. ஒப்படைக்கப் போகும்போது மகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அன்றைக்கு அப்பா செய்தது தப்பு. இனிமேல் யார் எதை ஒளித்து வைக்கச் சொன்னாலும், நானே சொன்னாலும், நேராக அம்மாவிடம் வந்து சொல்" என்று சொல்லுங்கள். அப்போது அவள் அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும்.