நகலெடுத்த பில்லிங் மென்பொருளும் ‘அறிவுசார் சொத்துத் திருட்டு’ நோட்டீசும்

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். ஒரு கணினிக்கு மட்டும் விலை கொடுத்து வாங்கிய பில்லிங் மென்பொருளை, என் அண்ணன் மகன் கிட்டங்கியில் உள்ள இரண்டு கணினிகளிலும் மேலூர் கிளையிலும் ஏற்றிக் கொடுத்தான். ‘எங்கள் அறிவுசார் சொத்தைத் திருடியதற்காக 15 நாளில் 6 லட்சம் ரூபாய் தராவிட்டால் போலீசில் புகார் செய்வோம்’ என்று விற்ற நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியுள்ளது. அவர்களுடைய பொருள் அவர்களிடமே இருக்கும்போது இது எப்படித் திருட்டாகும், மென்பொருளில் அறிவுசார் சொத்து என்பதே வெறும் பேச்சு என்கிறான் அவன். சரிதானா?

பதில்: தங்கள் அண்ணன் மகன் சொல்வதில் பாதி சரி. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவின்படி, ஒருவருடைய வசத்திலுள்ள அசையும் பொருளை அவர் சம்மதமின்றி நேர்மையற்ற எண்ணத்துடன் எடுப்பதே திருட்டு. நகலெடுப்பது அதில் அடங்காது. ‘அறிவுசார் சொத்து’ என்பது பல உரிமைகளைச் சேர்த்துச் சொல்லும் பொதுப் பெயர்; அந்தப் பெயரில் தனிச் சட்டம் எதுவும் கிடையாது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமை (பேட்டன்ட்) சட்டம், 3(கே) பிரிவில், கணினி நிரலை மட்டும் தனியாக ஒரு கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டம் பெயரையும் சின்னத்தையும்தான் காக்கிறது. ஆகவே எந்தச் சட்டத்தின் எந்த உரிமை மீறப்பட்டது என்று கேட்பதற்குத் தங்களுக்கு முழு நியாயமும் உண்டு.

ஆனால் அந்தக் கேள்விக்கு அவர்களிடம் விடை இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதுகிறது. (ஜி.எஸ்.டி. பில் போடும் நிரலுக்கு இலக்கிய அந்தஸ்தா என்று சிரிப்பு வரலாம்; சட்டம் அப்படித்தான் சொல்கிறது.) அதே வேலையைச் செய்யும் வேறொரு மென்பொருளைத் தாமாக எழுதிக்கொள்ள அந்தச் சட்டம் யாரையும் தடுக்காது, எழுதப்பட்டதை அப்படியே நகலெடுப்பதைத்தான் தடுக்கிறது. 52ஆம் பிரிவு, முறையாக வாங்கியவர் இழப்போ சேதமோ நேர்ந்தால் பயன்படுத்துவதற்காகக் காப்பு நகல் வைத்துக்கொள்ள இடம் தருகிறதே தவிர, தினமும் பில் அடிக்கும் கிட்டங்கிக் கணினியை அந்தக் காப்பு நகல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மீறல் நகலைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால், 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சிறையைத் தவிர்க்கும் சலுகை, வியாபாரத்துக்கோ ஆதாயத்துக்கோ பயன்படுத்தாதவர்களுக்கே உரியது. சார்பு ஆய்வாளர் நிலையில் உள்ள ஒருவரே பிடியாணையின்றி நகல்களைக் கைப்பற்றலாம் என்பதால், போலீஸ் என்ற மிரட்டலையும் வெற்று மிரட்டலாக எண்ண வேண்டாம்.

தொகை வேறு விஷயம். அபராதம் போகுமிடம் அரசு. நோட்டீஸ் அனுப்பியவர் இழப்பீடு பெற வேண்டுமானால் தம் இழப்பை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அங்கே மூன்று கணினிகளுக்கான உரிமக் கட்டணமே இயல்பான அளவுகோலாக இருக்கும். அனுப்பியவர் பதிப்புரிமையின் உரிமையாளரா, வெறும் விற்பனை முகவரா என்பதையும் பதிலில் கேளுங்கள், ஏனெனில் முகவர் என்பதாலேயே ஒருவருக்கு வழக்குத் தொடரும் தகுதி வந்துவிடாது. பழைய பில்லையும் உரிம நிபந்தனைகளையும் தேடி எடுங்கள். சில உரிமங்கள் ஒரே நிறுவனத்தின் பல கணினிகளுக்கும் பொருந்தும்.

கூடுதல் நகல்களைப் பயன்படுத்துவதை இன்றே நிறுத்துங்கள், ஆனால் கணினிகளை ஃபார்மேட் செய்ய வேண்டாம். அது சாட்சியத்தை அழித்ததாகப் பார்க்கப்படும். உரிமக் கட்டணம் செலுத்தி முடித்துக்கொள்ளும் பேச்சு நடத்துவதே எனக்கு உசிதமாகப் படுகிறது. ‘நகல்தானே எடுத்தோம், அவர்களுக்கு என்ன குறைந்தது’ என்ற வாதத்தை மட்டும் எழுத்தில் தந்துவிடாதீர்கள். நகலெடுத்ததைத் தாங்களே ஒப்புக்கொண்ட ஆவணமாக அது முதல் விசாரணையிலேயே நீதிமன்றத்தின் முன் வைக்கப்படும்.