பின் டயரை அகலமாக்கினால் வளைவில் என்ன நடக்கும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் கே.டி.எம். ஆர்.சி. 390 இருக்கிறது. பின் டயர் 150/60–17. தேய்ந்துவிட்டதால் மாற்ற வேண்டும். 160/60–17 போட்டால் பார்வைக்கு எடுப்பாக இருக்கும், பேச்சிப்பாறை சாலையின் வளைவுகளில் பிடிப்பும் கூடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 10 மில்லிமீட்டர் கூடுவதால் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியுமா? வேறு எதையாவது சரிசெய்ய வேண்டியிருக்குமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: கூடுவது அகலம் மட்டும் அல்ல என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். டயரில் இரண்டாவதாக அச்சிட்டிருக்கும் 60 என்ற எண், பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைக் குறிக்கிறது. 150-க்கு அது 90 மில்லிமீட்டர், 160-க்கு 96. கடைசி எண் 17, ரிம்மின் விட்டம் எத்தனை அங்குலம் என்பது. ஆகவே சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறத்தாழ 612-இலிருந்து 624 மில்லிமீட்டராகிறது. அச்சு 6 மில்லிமீட்டர் மேலே போகிறது, அதனுடன் வண்டியின் பின்பகுதியும் உயர்கிறது. பின்பகுதி உயர்ந்தால், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் இன்னும் செங்குத்தாக நிற்கும். உங்கள் வண்டியின் இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட நீளத்தை வைத்துக் கணக்கிட்டால், ஃபோர்க்கின் சாய்கோணம் கால் டிகிரி குறைகிறது. ஹேண்டில்பார் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டினால் அது தொடும் இடத்துக்கும் முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் இடைப்பட்ட தூரம்தான் ‘ட்ரெயில்’; முன் சக்கரத்தை நேராக வைத்திருக்கும் அது ஒன்றரை மில்லிமீட்டர் குறைகிறது. சிறிய அளவுதான் என்றாலும், பழகிய சாலையில் ஹேண்டில்பார் முன்பைவிடச் சற்று விரைவாகத் திரும்புவதை ஒரு கவனமான ஓட்டுநர் உணர்வார். பின் டயரை மாற்றியதற்கு முன் சக்கரம் பதில் சொல்கிறது என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

அகலத்தின் விளைவு வேறு விதமானது. வண்டி சாயும்போது டயர் தரையைத் தொடும் இடம் நடுக்கோட்டை விட்டு வளைவின் உட்பக்கமாக நகர்கிறது. டயர் அகலமாக இருந்தால் அந்த நகர்வும் கூடும். அதை ஈடுகட்ட, அதே வளைவை அதே வேகத்தில் கடக்க வண்டியை இன்னும் சற்றுச் சாய்க்க வேண்டும். 40 டிகிரி சாய்வில் இந்த 10 மில்லிமீட்டருக்கு அது அரை டிகிரிக்கும் குறைவே. ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல் ரிம்மில் இருக்கிறது. உங்கள் பின் ரிம்மின் அகலம் 4 அங்குலம். 160/60 டயர் 4.5 அங்குல ரிம்மை அளவுகோலாகக் கொண்டு வடிவமைக்கப்படுகிறது. குறுகிய ரிம்மில் ஏற்றினால் பக்கச்சுவர்கள் உள்ளே இழுபட்டு, டயரின் நடுப்பகுதி கூம்பி நிற்கும். அதனால் நேர்ச்சாலையில் தரையைத் தொடும் பட்டை குறுகுகிறது. வண்டி முதலில் சட்டென்று விழுவதுபோலச் சாய்ந்து, பிறகு தயங்குகிறது. அகலத்துக்காகக் காசு கொடுத்து வாங்கிய ஓர ரப்பர் தரையைத் தொடாமலே இருந்துவிடுகிறது. சில மாதம் ஓடிய பிறகு அப்படிப்பட்ட டயரின் ஓரத்தைப் பாருங்கள்: புதிதாக வந்தபோது இருந்த பளபளப்பும் மெல்லிய ரப்பர் முடிகளும் விரலகலத்துக்கு அப்படியே இருக்கும்.

அகலம் கூடினால் பிடிப்பும் கூடும் என்பதிலும் பாதி உண்மைதான் உண்டு. தரையைத் தொடும் பரப்பை முதன்மையாக நிர்ணயிப்பவை டயரின் மேல் உள்ள எடையும் உள்ளே உள்ள காற்றழுத்தமும்தான். அகலம் மாறினால் அந்தப் பரப்பின் வடிவம் மாறுகிறதே தவிர, அளவு பெரிதாகக் கூடிவிடுவதில்லை. பிடிப்பைத் தருவது ரப்பர் கலவையும், அது வேலை செய்யும் வெப்பநிலையும், நனைந்த சாலையில் தண்ணீரை வெளியேற்றும் வரிப்பள்ளங்களும். 43 குதிரைத்திறன் அளவிலான ஓர் எஞ்சினுக்கு 150 தாராளம். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், ரப்பர் தோட்டங்களின் நிழலில் ஈரம் காயாமல் சருகு படிந்து கிடக்கும் சாலைகளில் ஓட்டுகிறவர், அதே 150 அளவில் ஈரத்திலும் நன்றாகப் பிடிக்கும் ரேடியல் டயரைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. டயரில் 66 எச் என்ற குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்; 300 கிலோ எடையையும் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தையும் அது தாங்கும் என்பது அதன் பொருள்.

இதற்குப் பிறகும் 160 போடுவதாக இருந்தால், சில வேலைகளைத் தவிர்க்க முடியாது. டயருக்கும் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும், டயருக்கும் செயினுக்கும் இடையே விரல் தாராளமாக நுழைகிறதா என்று சக்கரத்தை முழுச் சுற்றும் சுழற்றிப் பார்க்க வேண்டும். வேகத்தில் டயர் சற்று விரியும் என்பதால், நிறுத்தி வைத்த வண்டியில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதாது. சுற்றளவு 2 சதவீதம் கூடுவதால் இழுவை சற்று மந்தமாகும். செயின் ஓடும் பின் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் 45 பல்லில் ஒன்றைக் குறைத்ததற்கு ஏறக்குறைய இது சமம். ஃபோர்க் குழாய்களை மேல் கிளாம்பில் கீழே இறக்க இடம் இருந்தால், 6 மில்லிமீட்டர் இறக்கிப் பழைய சாய்கோணத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் இதற்கெல்லாம் முன்பாக, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தையும், நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் பின் ஷாக் அப்சார்பர் எவ்வளவு அமிழ்கிறது என்பதையும் சரிபார்த்துவிடுங்கள். பின்பக்கம் 30 மில்லிமீட்டர் அளவில் அமிழ வேண்டும். அது தவறாக இருந்தால் டயரைக் குறைசொல்வதில் பயனில்லை.

கேள்வி: என் யமஹா ஆர் 15-க்கு 140/70–17 டயர் வேண்டும். கடையில் அது இல்லை, 150/60–17 இருக்கிறது, “இன்னும் பெரிய டயர்தான்” என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: அகலத்தில் அது பெரியது, உயரத்தில் சிறியது. 140-இல் 70 சதவீதம் 98 மில்லிமீட்டர். 150-இல் 60 சதவீதம் 90 மட்டுமே. வண்டியின் பின்பகுதி 8 மில்லிமீட்டர் இறங்கிவிடும். மேலே சொன்ன கேள்விக்கு நேர் எதிராக, ஃபோர்க் மூன்றில் ஒரு டிகிரி படுத்துக்கொள்ளும். வண்டி திரும்பச் சோம்பல்படும். வளைவிலிருந்து ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்து வெளியேறும்போது நீங்கள் நினைத்த கோட்டைவிட அகலமாகப் போகும். பின்பகுதி இறங்கியதால் சைடு ஸ்டாண்டு நீளமாகிவிட்டதுபோல வண்டி நிமிர்ந்து நிற்கும். சரிவில் நிறுத்தினால் மறுபக்கம் சாய்ந்துவிடும் அபாயம் உண்டு. சில நாள் பொறுத்து 140/70 வரவழைத்துப் போடுங்கள். ஒரே அளவு எண் இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் உண்மை உயரம் சில மில்லிமீட்டர் மாறும். ஆகவே பழைய டயரைக் கழற்றுவதற்கு முன், அதன் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, நீங்கள் மேலே அமர்ந்திருக்க ஒருவரைத் தள்ளச் சொல்லி, ஒரு முழுச் சுற்றுக்குத் தரையில் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதிய டயரையும் அதே காற்றழுத்தத்தில் அப்படியே அளந்து, இரண்டு தூரத்தின் வித்தியாசத்தை 6.28-ஆல் வகுத்தால், வண்டியின் உயரம் எவ்வளவு மாறியது என்பது கையில் கிடைத்துவிடும்.

கேள்வி: ஆரல்வாய்மொழி கணவாயில் பக்கக்காற்று வண்டியைத் தள்ளுகிறது. பின்னால் அகலமான டயர் போட்டால் நிலையாக நிற்குமா?
– வாசகர், தோவாளை

பதில்: நிற்காது. காற்று தள்ளுவது வண்டியின் வெளி உறையான ஃபேரிங்கையும் உங்கள் உடலையும்தான். பின் டயரின் அகலம் அதைத் தடுக்காது. உயரமான டயரால் ட்ரெயில் குறைந்தால், முப்பந்தல் பக்கம் திடீரென்று வீசும் காற்றுக்கு ஹேண்டில்பார் இன்னும் எளிதாக ஆடும். நிறுவனம் சொன்ன அளவு டயரையே வைத்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை இறுக்காமல் தொடையால் டேங்கைப் பற்றி ஓட்டுங்கள். பின்னால் பெட்டியோ பையோ உயரமாகக் கட்டியிருந்தால் அதை இறக்கிக் கட்டுங்கள்.