தற்காப்பை எங்கே சொல்வது?

அன்புள்ள ஐயா,

என் தம்பி எஸ்.ஐ. தேர்வில் தேறிப் பயிற்சிக்குக் கிளம்பவிருக்கிறான். நேற்றுச் சாப்பிடும்போது அப்பா, “மேலிடத்தில் சுடச் சொன்னால் சுட்டுத்தானே ஆக வேண்டும், பின்னால் கேஸ் வந்தால் யார் தலையில் விழும்?” என்று கேட்டார். தம்பி பதில் சொல்லாமல் கை கழுவ எழுந்துவிட்டான். சட்டம் என்ன சொல்கிறது? இழப்பீட்டை அவன் சம்பளத்தில் பிடிப்பார்களா? ரவுடிகளுக்காகப் பேசுகிறவர்கள் வெட்டுப்பட்ட போலீஸ்காரரைப் பற்றி ஏன் பேசுவதில்லை? பெருமாநல்லூரைப் பற்றியும் நீங்கள் எழுதியதே இல்லை.

கோமதி, கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள கோமதி,

தம்பிக்கு வாழ்த்துகள். பதில் சொல்லாமல் எழுந்து போனதற்கும் சேர்த்துத்தான். அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வைத்திருக்கும் இளைஞன் கையில் துப்பாக்கி போவதை நான் விரும்பமாட்டேன்.

அப்பாவின் கேள்விக்கு முதலில் பதில். சுட்டவர் தலையிலும் விழும், சுடச் சொன்னவர் தலையிலும் விழும். மேலதிகாரியின் ஆணைப்படி கூட்டத்தின் மீது சுடும் படைவீரன் குற்றவாளி அல்லன் என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 76ஆம் பிரிவில் ஓர் உதாரணம் உண்டு. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 14ஆம் பிரிவுக்கும் அது வந்திருக்கிறது. ஆனால் அதே வாக்கியத்தில் “சட்டத்தின் கட்டளைகளுக்கு இணங்க” என்றும் இருக்கிறது, அதைத்தான் பலரும் படிக்காமல் தாண்டிப் போகிறார்கள். 2011இல், போலி என்கவுன்ட்டர் குற்றச்சாட்டில் போலீஸ்காரர்கள் சிக்கிய பிரகாஷ் கதம் வழக்கில், மேலிடத்து உத்தரவு என்று சொல்லித் தப்ப முடியாது என்பதற்கு உச்ச நீதிமன்றம், நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் விசாரணையையே எடுத்துக் காட்டியது.

இழப்பீட்டை அரசு கொடுக்கும். 1993இல், போலீஸ் காவலில் மகனைப் பறிகொடுத்த தாய் நீலாபதி பெஹேராவின் வழக்கிலேயே அது தீர்ந்த விஷயம். பெருமாநல்லூரில் 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்த மூன்று விவசாயிகளைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். கூட்டத்தைக் கலைக்கச் சுடுவதற்கான சட்டம் வேறு.

“ரவுடிகளுக்காகப் பேசுகிறவர்கள்” என்று எழுதியிருக்கிறீர்களே அம்மிணி, அதை இனி யாருக்கும் எழுதாதீர்கள். நானும் ஒரு காலத்தில் உங்களைப் போலவே பேசியவன் என்பதால்தான் கோபம் வருகிறது.

2010 அக்டோபர் இறுதியில் கோவையில் பள்ளிக்குக் கிளம்பிய ஓர் அக்காளையும் தம்பியையும் கடத்திப் போய், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் தள்ளிக் கொன்றார்கள். என் மகளுக்கும் அப்போது கிட்டத்தட்ட அந்த வயதுதான். நவம்பர் 9 அதிகாலையில், கைதான இருவரில் ஒருவன் போலீஸ் காவலில் இருக்கும்போதே போத்தனூர்ப் பக்கம் சுட்டுக் கொல்லப்பட்டான். துப்பாக்கியைப் பறித்துச் சுட்டான், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். தீபாவளி முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மிச்சம் வைத்திருந்த சரவெடிகளையெல்லாம் அன்றைக்குக் கொளுத்தினார்கள். நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் பேக்கரியில், “போட்டுட்டாங்களாமுங்க, எடுத்துக்குங்க” என்று கிழித்த செய்தித்தாளில் ஒரு லட்டு வைத்து நீட்டினார்கள். தின்றேன். இன்னொன்றும் கேட்டு வாங்கி, மகளுக்கென்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இன்னொருவனை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். சாட்சிகள் பேசினார்கள், குறுக்கு விசாரணை நடந்தது, மேல்முறையீடு நடந்தது. 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் குற்றத்தை உறுதி செய்தார்கள்; தண்டனையில் மட்டும் இருவர் தூக்கு என்றும், ஒருவர் தண்டனைக் குறைப்பே இல்லாத ஆயுள் சிறை போதும் என்றும் எழுதினார்கள். தூக்கு என்றவர்களில் ஒருவரான ரோஹிண்டன் நாரிமன், 2014இல் என்கவுன்ட்டர் சாவுகளை விசாரிக்க 16 நெறிமுறைகள் வகுத்த அமர்விலும் இருந்தவர். அவரையும் ரவுடிகளுக்காகப் பேசியவர் என்பீர்களா?

அந்த நெறிமுறைகளின்படி முதல் தகவல் அறிக்கை கட்டாயம். வேறு காவல் நிலையமோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும். சுட்ட துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். கையோடு பதவி உயர்வு கொடுக்கக் கூடாது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்த முதல் தகவல் அறிக்கை யார் மேல் என்று அதில் சொல்லவில்லை. இந்த ஓட்டையைப் பற்றி நான் பத்து வருடமாகப் பேசி வருகிறேன், கேட்பவர்களுக்குச் சலித்துவிட்டது, இருந்தாலும் இன்னொரு முறை சொல்கிறேன். வழக்கமாக நடப்பது இதுதான்: சுட்டவர்கள் தரப்பே புகார் கொடுக்கும், போலீஸைக் கொல்ல முயன்றதாக, பிணவறையில் கிடக்கிறவன் மேல் வழக்குப் பதிவாகும், குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது என்று கோப்பை மூடுவார்கள். போலீஸும் ராணுவமும் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்பட்ட 1,528 சாவுகளைப் பற்றிய மணிப்பூர் வழக்கில் 2016இல் தீர்ப்பெழுதிய உச்ச நீதிமன்றமும், சீருடைக்காரர்கள் மேல் ஒரு முதல் தகவல் அறிக்கைகூட இல்லை என்பதைக் குறித்தது.

எங்கள் ஊரில் ஒரு பெரியப்பா, மோட்டார் ஒயர் திருட இரவில் தோட்டத்துக்குள் வந்தவன் கொடுவாளை ஓங்கியபோது, கையிலிருந்த மண்வெட்டியால் அடித்துவிட்டார், அவன் செத்துப்போனான். பெரியப்பா மேல் கொலை வழக்குப் போட்டார்கள். சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார், வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறிப் போனார், கூண்டில் நின்று முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இருந்த தழும்பைக் காட்டினார், விடுதலையானார். தற்காப்புரிமை எல்லோருக்கும் ஒரே பிரிவுகளில்தான் இருக்கிறது, காக்கிக்கென்று தனிப் பிரிவு கிடையாது. தற்காப்பு என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும் என்பதும் சாட்சியச் சட்டத்தில் எல்லோருக்கும் பொது. போலீஸ்காரர் சொல்வது பொய் என்று நான் சொல்லவரவில்லை. அரிவாளோடு எதிரே ஓடிவருகிறவனைச் சுடாமல் நிற்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனால் என் பெரியப்பா தழும்பைக் காட்டிய அதே கூண்டில் ஏறி அவரும் சொல்லட்டும். அப்படிச் சொல்லி விடுதலையான அதிகாரியை ஊரில் எவனும் சந்தேகப்பட முடியாது. வெட்டுப்பட்ட போலீஸ்காரருக்கும் அவர் வீட்டுக்கும் அதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கோவை வழக்கில் 2019 நவம்பரில் சீராய்வு மனுவும் தள்ளுபடியான அன்று அதே பேக்கரியில்தான் இருந்தேன். செய்தி மூன்றாம் பக்கத்தில் இருந்தது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

தம்பி கிளம்பும் தேதியைத் தெரிவியுங்கள். 2014 தீர்ப்பின் நகல் ஒன்றை அனுப்புகிறேன், அப்பாவும் படிக்கட்டும்.

அன்புடன்.